கிளட்சை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்

பழைய காரின் கிளட்ச் பெடலை மிதித்தால் மேலே வராமல் தரையோடு தங்கிவிடுகிறது, கியரும் விழவில்லை. "கிளட்சையே மாற்றிவிடலாம்" என்று சிலர் உடனே சொல்வார்கள். அதற்குக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும், செலவும் அதிகம். ஆனால், கோளாறு ஒரு சிறிய ரப்பர் வளையத்தில்கூட இருக்கலாம். காரணம் அறியாமல் பாகத்தை மாற்றுவது, கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவதற்குச் சமம் என்பேன்.

பெரோடுவா கஞ்சில் போன்ற கார்களில் பெடலைக் கிளட்சோடு இணைப்பது கேபிள். அது அறுந்தால் பெடல் தளர்ந்துவிடும். வேறு பல கார்களில் அந்த வேலையைத் திரவம் செய்கிறது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் குழாய் வழியே சென்று கீழுள்ள சிலிண்டரைத் தள்ளும். நீங்கள் படிக்கும் பாஸ்கல் தத்துவம்தான் இது.

இனி வரிசையாகச் சோதிக்கலாம். திரவம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. பெடல் பஞ்சு போலிருந்து, பலமுறை மிதித்தபின் இறுகினால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். காற்று எளிதில் சுருங்கும், திரவம் அப்படிச் சுருங்காது. வெளியே கசிவே இல்லாமல் பெடல் மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை அப்பாவோடு பட்டறைக்குப் போனால், "கோளாறு இங்கேதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" எனப் பணிவாகக் கேளுங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.