ஐந்நூறு மீட்டர் நீதி!

இருங்காட்டுக்கோட்டையிலே கார் பிறக்கிறது. ஒரகடத்திலே லாரி பிறக்கிறது, மோட்டார் சைக்கிள் பிறக்கிறது. கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் ஊர்தி அனுப்பும் அந்த மண்ணிலே, உழைத்துக் களைத்த மகன் உயிரோடு வீடு திரும்புவானா என்று தாய் ஒருத்தி வாசற்படியில் நின்று வழி பார்க்கிறாளே, தோழர்களே, இதற்கு என்ன பெயர் சூட்டுவோம்? விதி என்பர் வீணர். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை.

குடித்துவிட்டு ஓட்டுகிறவன் குற்றவாளி. அவனுக்காக வாதாட நான் வரவில்லை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது கலந்திருந்தால் குற்றம் என்கிறது சட்டம்; 2019ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. தேவைதான்! 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரே நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் பாய்கிறது. மது மயக்கத்தில் கால் பிரேக்கைத் தேட ஒரு நொடி தாமதித்தால், அந்தப் பதினாறு மீட்டருக்குள் எத்தனை குடும்பம்! நாடகம் எழுதுகிறவன் என்பதால் ஒன்று சொல்வேன்: மேடையிலே குடிகாரன் தள்ளாடுவான், கொட்டகை சிரிக்கும். வண்டியிலோ அவன் உட்கார்ந்திருக்கிறான்; தள்ளாட்டம் தெரிவதில்லை; ஆகவே தன்னைத் தெளிந்தவன் என்றே நம்பிவிடுகிறான்.

ஆனால் ஊற்றிக் கொடுத்த கை எது? 2003 முதல் சில்லறை மது விற்பனையும் அரசு நிறுவனமாம் டாஸ்மாக்கின் கையில்! விற்பதும் அரசு, சற்றுத் தள்ளி நின்று ஊதச் சொல்வதும் அரசு!

வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கிலே, 2016 டிசம்பர் 15ஆம் நாள், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். மகிழ்ந்தோம். 2017 மார்ச் 31 வந்தது; இருபதாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களில் 220 மீட்டர் போதும் என்றாயிற்று. ஜூலை வந்தது, நகராட்சி எல்லைக்குள் தடையே இல்லை என்றாயிற்று. 2018 பிப்ரவரியில், எந்த ஊராட்சியை நகரம்போல் கருதலாம் என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்றாயிற்று. தேய்பிறைகூட இத்தனை விரைவாய்த் தேயாது!

ஒரகடத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? மக்கள்தொகைக்கு அளவுகோல் 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. அதற்குப் பின் ஆலை தேடி வந்து, அறைக்கு ஐவராய்த் தங்கும் இளைஞர்கள் அந்த ஏட்டிலே இல்லை. ஆள் பெருகிய ஊர், ஏட்டின்படி சிற்றூர்! சரக்குக்காகச் சாலையோரம் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநரோ எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. அவருக்குப் படுக்க இடம், குளிக்க இடம் கேட்டுப் பாருங்கள்; மூலைக்கு மூலை கைவிரிப்பார்கள்.

அடுத்த கிராம சபை கூடும் நாளில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்தும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலிருந்தும் ஒவ்வொரு கடையும் எத்தனை மீட்டர் தூரம் என்று அளந்தெழுதிய தாளோடு செல்லுங்கள். இரவு ஷிப்ட் முடியும் வேளையில் ஆலைப் பேருந்து உண்டா, அதிலே ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடம் உண்டா என்று ஆலை வாயிலில் கேளுங்கள். விடையை வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.