கனவுக்கு ஒரே பொருள்தானா?

சிலப்பதிகாரத்தில் வரும் கனவுகளையும் வாக்குகளையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால் நம்மிடையே ஒரே பதில்தான் வருகிறது: "எல்லாம் ஊழ். கனவு கண்டாள், பலித்தது. அப்படியே எழுது, இரண்டு புள்ளி." அதற்கு மேல் ஒரு மாணவன் தானாக யோசித்து ஏதாவது சொல்லிவிட்டால் காப்பியத்தைக் கெடுக்கிறான் என்கிறார்கள். சிலிம் ரிவரில் சனிக்கிழமைதோறும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு சிலம்பைப் படித்து வருகிறேன். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

"எல்லாம் ஊழ்" என்பதையே முதலில் பார்ப்போம். கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்கிறாள். கணவன் கையைப் பிடித்து அழைத்துப்போக, இருவரும் ஒரு பெரிய ஊருக்குப் போகிறார்கள். தேளைத் தூக்கி மேலே போடுவதுபோல் ஊரார் ஒரு பழியைப் போடுகிறார்கள். கணவன் கோவலனுக்குத் தீங்கு நேர்கிறது; அவள் அரசன் முன் வழக்குரைக்கிறாள்; அரசனும் ஊரும் அழிகிறார்கள். மதுரைக் காண்டம் முழுவதும் அந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. தேவந்தி உடனே பொருள் சொல்கிறாள்: முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறினாய், காவிரி கடலில் கலக்கும் இடத்துக் குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழுதால் சரியாகிவிடும். கண்ணகி மறுக்கிறாள். அது நமக்குப் பெருமை இல்லை என்கிறாள். ஆக, ஒரே கனவுக்கு இரண்டு பெண்கள் இரண்டு விதமாக நிற்பதை இளங்கோவே எழுதிவைத்திருக்கிறார். அடுத்த கணமே கோவலன் வந்து நிற்கிறான். அவள் சிலம்பைக் கொடுத்துவிட்டு அவனோடு நடக்கிறாள். இவ்வளவும் தெரிந்த ஒருத்தி ஏன் நடந்தாள்? இந்தக் கேள்விக்கு "ஊழ்" என்று எழுதிப் புள்ளி வாங்கிக்கொள்வது விடையாகாது.

கொலைக்களக் காதையையும் பாருங்கள். ஊடியிருக்கும் தேவியிடம் போகும் அவசரத்தில் பாண்டியன் இருக்கிறான். கோவலனே சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் சொன்னதை அப்படியே நம்பி, விசாரிக்காமல் அவனைக் கொல்ல ஆணையிடுகிறான். வினை விளையும் காலம் என்று இளங்கோ சொல்வது உண்மைதான். ஆனால் நூலின் மூன்று உண்மைகளில் முதலாவதாக அவர் வைத்தது ஊழை அன்று. அரசு தவறினால் அறமே எமனாகும் என்பதை. ஊழை மட்டும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் பாண்டியனை விடுதலை செய்துவிடுகிறார். பாண்டியனே தன்னை விடுதலை செய்துகொள்ளவில்லை. நானே கள்வன் என்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்து செத்தான்.

எங்கள் ஊரில் இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. 1942 ஜனவரி 7-ஆம் தேதி ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பிரிட்டிஷ் படையை ஒரே காலையில் உடைத்துக்கொண்டு வந்தன. பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அதையும் தலையெழுத்து என்றுதான் வீடுகளில் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்னபோதும் அதே சொல்தான். அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வகுப்பிலும் அதையே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"முன்னோர் சொன்ன பொருளை மாற்றலாமா?" என்பது அடுத்த வாதம். முன்னோர்களே மாற்றினார்கள். நாட்டுப்புறக் கோவலன் கதையில் கண்ணகி பாண்டியனுக்கே மகளாகப் பிறக்கிறாள். இவள் மதுரையை அழிப்பாள் என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். கிரேக்கத்து ஈடிப்பஸ் கதை நினைவுக்கு வரவில்லையா? இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி இளங்கோவேதான். வரந்தரு காதையின்படி, நீ அரசாள்வாய் என்று ஒரு நிமித்திகன் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அண்ணன் செங்குட்டுவன் இருக்க அப்படிச் சொன்னவன்மேல் சினந்து, அரசைத் துறந்து துறவியானார். தனக்குச் சொன்ன வாக்கைத் தானே பொய்யாக்கியவர் எழுதிய நூல் இது.

"நாடகம், அட்டை, கயிறு என்று நேரம் போகிறது, தேர்வுக்கு உதவாது" என்பவர்களுக்கு எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணகியின் கனவு, கோவலன் மாடலன் என்ற அந்தணனிடம் சொன்ன கனவு, பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் கனவு, மதுரையின் காவல்தெய்வம் மதுராபதி சொன்ன வாக்கு என்று நான்கு மணிலா அட்டைகள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு. கதையில் யார் எப்போது கேட்டார்களோ அந்த வரிசையில் துணிக் கவ்வியால் மாட்டச் சொன்னேன். ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை, மதுரை எரியும் என்று மதுராபதி சொல்லும் வாக்குத்தான் எல்லாவற்றிலும் பழையது. அதனால் அதை முதலில் மாட்டினார்கள். பிறகு கட்டுரை காதையை எடுத்துப் படித்துவிட்டு, ஒரு பெண் எழுந்து போய் அந்த அட்டையைக் கழற்றிக் கடைசியில் மாட்டினாள். ஊருக்குத் தீ வைத்த பிறகுதானே கண்ணகிக்கே இது தெரிகிறது! "அப்ப ராஜாவுக்கு இது தெரியவே தெரியாதா, ஐயா?" என்று கேட்டாள். தெரிந்து மறந்திருப்பான் என்றான் ஒருவன். தெரிந்திருந்தால் அன்றைக்காவது விசாரித்திருப்பான் என்றாள் இன்னொருத்தி. முக்கால் மணி நேரம் நூலைப் புரட்டிப் புரட்டிச் சண்டை போட்டார்கள். தேர்வுக்கு இதைவிட நல்ல படிப்பு எது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழம் எட்டாது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வரட்டும். சாமி வந்து ஆடுகிறவர் அரைகுறையாக ஒரு குறி சொல்வார். அது யாருக்கு, எதற்கு என்று பெரியவர்கள் விடியும்வரை வாதாடுவார்கள். இந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தேவந்தி மேல் தெய்வம் வந்து பேசும் இடத்தை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கனவுக்கு என்ன பொருள் என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன், இதைக் கேட்டது யார், கேட்டபின் அவர் என்ன செய்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.