ஓப்பனிங் பேலன்ஸ் இரண்டு செகண்ட்!

அப்பா ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். முப்பது வருஷம் அவர் மணிக்கட்டில் இருந்த ஸ்விஸ் வாட்ச் இப்போது என் கையில். சாவி கொடுக்கிற ஜாதி. பக்கத்தில் இரண்டு பட்டன். மேலே அமுக்கினால் பெரிய செகண்ட் முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழே அமுக்கினால் பன்னிரண்டுக்குத் திரும்பும். கிரோனோகிராஃப் என்று பெயர்.

கொஞ்ச நாளாக அந்த முள்ளுக்கு என்னவோ ஆகிவிட்டது. கிளம்பும்போது துள்ளுகிறது. ஓடும்போது வைவாவுக்குப் போன பையன் மாதிரி நடுங்குகிறது. திரும்பி வரச் சொன்னால் இரண்டு செகண்ட் தள்ளி நிற்கிறது. பி.காம். படித்தவனுக்கு இது பொறுக்குமா? கணக்கை முடித்துப் புது நோட்டு போட்டால், ஓப்பனிங் பேலன்ஸ் இரண்டு!

பாரிமுனைப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முதலில் ஒரு திசைகாட்டியை வாட்ச் அருகே கொண்டு போனார். ஊசி ஆடவில்லை.

"காந்தம் ஏறலை. ஏறினா ஹேர் ஸ்பிரிங் ஒட்டிக்கிட்டு வாட்ச் தறிகெட்டு ஓடும்."

துள்ளல் வியாதியே இல்லையாம். ஓடுகிற சக்கரம் பக்கவாட்டில் வந்து, நிற்கிற சக்கரத்தைப் பிடிக்கிறது. பல்லோடு பல் மோதினால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். (1969-ல் வந்த சீக்கோ 6139-ல் மேலும் கீழுமாகச் சேர்கிற கிளட்ச். அதில் இந்த வம்பு கிடையாது.) நடுக்கத்துக்குக் காரணம், முள்ளின் சக்கரத்தை லேசாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்துபோனது.

"அந்த ரெண்டு செகண்ட்?"

"உள்ளே இதய வடிவத்துல ஒரு துண்டு இருக்கு சார். கீழ்ப் பட்டனை அமுக்கினா சுத்தியல் அதைத் தட்டி, சரியான இடத்துல நிறுத்தும். இதயம் சரியாத்தான் நிக்குது. முள்ளுதான் தண்டுல லூஸ். தட்டுற தட்டுல நழுவுது. ஓடும்போது கீழ்ப் பட்டனைத் தொடாதீங்க, நிறுத்திட்டுத்தான்."

எனக்குப் பொறி தட்டியது. 2003. ஸ்கூல் டீம் செலக்‌ஷன், 100 மீட்டர். இதே வாட்ச். 13.8 என்று சொல்லி என்னைக் கழற்றிவிட்டவர் சாட்சாத் அப்பா. கடைசியாகத் தேறியவன் 13.2. இரண்டைக் கழித்தால் நான் 11.8 அல்லவா!

கடை வாசலிலிருந்தே போன் போட்டேன்.

"அப்பா, நம்ம வாட்ச்சுல தப்பு. நான் செலக்ட் ஆகியிருக்கணும்!"

"அவனுக்கும் இதே வாட்ச்தானேடா?"

அட, ஆமாம். அதைக் கழிக்க மறந்துவிட்டேன்.

"உன்னை மட்டும் ரெண்டாவது தடவை ஓடவிட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். "வேற எந்தப் பையனுக்கும் அப்படிச் செஞ்சதில்லை. 14.2 வந்துச்சு. உன்கிட்டே சொல்லலை."

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

"போன தீபாவளிக்கு வாட்சைக் கீழே போட்டியே, அதுக்கப்புறம் முள்ளு ஒழுங்கா ஓடுதா?"