பிளாஸ்டிக் மண்டைக்கு இவ்வளவா?

"ஒரு பிளாஸ்டிக் மண்டைக்கு 18,000 ரூபாயா? ஆன்லைன்ல 2,000-க்குக் கிடைக்குமே பாஸ்!"

புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் கூட்டத்தில் இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. சொல்பவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். 300 ரூபாய் காபிக்குப் பேரம் பேசாதவர்கள். கைவேலை செய்கிறவனைக் கண்டால் மட்டும் அவர்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காய்கறி மார்க்கெட் முழித்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் ஒரு மராத்திப் பையன் மொட்டை மாடி ஷெட்டில் ஹெல்மெட் செய்கிறான். பைக் ஓட்டுகிற ஹெல்மெட் இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரனின் ஹெல்மெட். படத்தில் இருப்பது போலவே அளவு, நிறம், கீறல், நசுங்கல் எல்லாம். என்னை 'தாதா' என்பான். மராத்தியில் அப்படியென்றால் அண்ணன், நம்மூர் ரவுடி இல்லை :-) அவனிடம் எங்கள் ஆபீஸ் நடந்துகொண்ட விதத்தால்தான் இந்தப் பதிவு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அடிக்கடி காதில் விழும் நாலு வாதங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: "பிரிண்டர்தானே செய்யுது, இவன் என்ன செய்யறான்?"

ஆமாம், முப்பரிமாண பிரிண்டர்தான். சாதாரண மேஜை பிரிண்டர் ஒன்று ஆள் தலை அளவு ஹெல்மெட்டை ஒன்றிரண்டு நாள் விடாமல் ஓடி முடிக்கும். முடித்ததும் கையில் கிடைப்பது என்ன? மேலிருந்து கீழ்வரை மெல்லிய வரி வரியாக, பார்த்தாலே பல் கூசும் ஒரு சாம்பல் குடம். வேலை ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

முதலில் உப்புத்தாள். 120-ம் நம்பரில் தொடங்கி 220, 400, 800 என்று போக வேண்டும். நடுவில் பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்ப்பு. பிறகு ப்ரைமர். ப்ரைமர் அடித்ததும் அதுவரை ஒளிந்திருந்த பள்ளமெல்லாம் பல்லைக் காட்டும், திரும்பவும் பட்டி. எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. தகரத்தை வளைப்பதை விட அதைப் பெயிண்டுக்குத் தயார் செய்வதில்தான் ஆள் தேய்வான்.

அடுத்தது நிறம். போபா ஃபெட் ஹெல்மெட் பளபளவென்று இருக்கக் கூடாது. பல சண்டை பார்த்த, நிறம் உரிந்து அடியில் உலோகம் தெரிகிற சாமான் அது. முதலில் வெள்ளி நிறம் அடிக்கிறார்கள். காய்ந்ததும், எங்கெல்லாம் உலோகம் தெரிய வேண்டுமோ அங்கெல்லாம் பொடி பிரஷ்ஷால் ரப்பர் பால் போன்ற ஒரு திரவத்தைத் தொட்டு வைக்கிறார்கள். அதன் மேல் அடுத்த நிறம். மறுபடி ரப்பர் பால். அதற்கு மேல் பச்சை. எல்லாம் காய்ந்ததும் விரல் நுனியால் உருட்டினால் ரப்பர் சுருண்டு வரும், அடி நிறம் எட்டிப் பார்க்கும். (இதே வேலைக்குக் கடுகு சாஸைத் தடவுகிறவர்களும் உண்டு, சத்தியமாக!) கடைசியில் கருப்பும் பழுப்பும் தண்ணியாகக் கலந்து பூசித் துணியால் துடைத்தால், இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். T வடிவக் கண்ணாடிக்கு, வெல்டிங்காரர்கள் முகத்துக்கு மாட்டும் ஷீல்டைப் பலர் வெட்டிப் பொருத்துகிறார்கள்.

பையன் தன் கணக்கைச் சொன்னான். ஒரு ஹெல்மெட்டுக்கு ஏறக்குறைய 60 மணி நேரம் அவன் கை வேலை. 18,000-ல் சாமான் செலவு 5,500 போக மிச்சத்தை 60-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 200 ரூபாய் சொச்சம். நம் நேரத்துக்குக் கம்பெனி கிளையண்டிடம் மணிக்கு என்ன பில் போடுகிறது என்பதை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

வாதம் 2: "காப்பிதானே, இதுல என்ன கலை?"

சரி, மூலத்தைப் பார்ப்போம். 1978-ல் போபா ஃபெட் உடை முதலில் முழு வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்கு இன்று உலகமே அடையாளம் காணும் பெயிண்டை அடித்தவர் ஜோ ஜான்ஸ்டன். பின்னாளில் 'ஜுமான்ஜி' (1995) படத்தை இயக்கினாரே, அவரேதான். வடிவத்தில் அவருக்கும் ரால்ஃப் மெக்குவாரிக்கும் பங்கு உண்டு. அந்தப் பாத்திரம் வாய் திறந்து பேசுவது ரொம்பக் கொஞ்சம். அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதை நமக்குச் சொல்வது அந்தக் கீறல்கள்தான். அதாவது பெயிண்ட்தான் அங்கே நடிப்பு.

டார்த் வேடர் முகமூடி இன்னொரு உதாரணம். களிமண்ணில் அதைச் செதுக்கியவர் பிரையன் மியூர். கையால் செய்ததால் இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. முதல் படத்தின் ஹெல்மெட் நிறமும் வெறும் கருப்பு இல்லை. கருப்பும் துப்பாக்கி உலோகச் சாம்பலும் மாறி மாறி வரும். வெளிச்சம் குறைந்த காட்சியிலும் முகத்தின் மேடு பள்ளம் தெரிவதற்கு அது உதவுகிறது. கடையில் கிடைக்கும் மலிவு முகமூடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக, ஒரே கருப்பாக இருக்கும். 'ஏதோ குறையுதே' என்று நமக்குத் தோன்றும், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது. நல்ல நகல் செய்கிறவனுக்குத் தெரியும். அந்தக் கோணலையும் அவன் வேலை மெனக்கெட்டுச் செய்வான். நேராகச் செய்வதை விட, இன்னொருவர் கை போன கோணலில் கையைக் கொண்டுபோவது கஷ்டம்.

இங்கே பக்கத்தில் ராய்கட் மாவட்டத்தில் பேண் என்று ஒரு ஊர். மகாராஷ்டிரம் முழுக்கப் பிள்ளையார் போகும் ஊர். ஒரே அச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் பிள்ளையார் வருவார். ஆனால் கண் எழுதுவதற்கு மட்டும் கை பழகிய ஆள் வேண்டும். கண் சரியில்லை என்றால் பிள்ளையார் பிள்ளையாராக இருக்க மாட்டார். "அச்சுல வந்ததுதானே" என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.

வாதம் 3: "அது கலை இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே!"

இதைச் சொன்னவர் எங்கள் டீமின் விக்கிப்பீடியா வக்கீல். பாதி படித்துவிட்டு வந்திருந்தார். முழுக் கதை இது.

1976-ல், முதல் படத்துக்காக, லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவர் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் வெள்ளைப் படைவீரர்களுக்கு 50 ஹெல்மெட் செய்து கொடுத்தார். மெக்குவாரியின் ஓவியத்தைப் பார்த்து நிக் பெம்பர்ட்டன் களிமண்ணில் மாதிரி செய்தார். அதை வைத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைக்கும் முறையில் எய்ன்ஸ்வொர்த் செய்தார். 2004-ல் அதே மாதிரி ஹெல்மெட்டுகளைத் தானே விற்க ஆரம்பித்தார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2006-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம், அவர் வந்து வாதாடாத நிலையில், 2 கோடி டாலர் கட்டச் சொன்னது. வழக்கு பிரிட்டனுக்கு வந்தது. 2008-ல் உயர் நீதிமன்றம், 2009-ல் மேல்முறையீடு, கடைசியில் 2011 ஜூலை 27 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பு என்ன? கலைப்படைப்பு என்பது படம்தான், ஹெல்மெட் அதை எடுக்கப் பயன்பட்ட சாமான், எனவே பிரிட்டன் காப்புரிமைச் சட்டப்படி அது 'சிற்பம்' ஆகாது. பிரிட்டனில் அவர் விற்பதை லூகாஸ்ஃபிலிம் தடுக்க முடியவில்லை. ஆனால் அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்கு பிரிட்டிஷ் நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தலாம் என்றும் சொன்னார்கள். ஹெல்மெட்டை வடிவமைத்ததே நான்தான் என்று எய்ன்ஸ்வொர்த் சொன்னதை முதல் நீதிமன்றமே ஏற்கவில்லை.

ஆக, வக்கீல் சார், நீங்கள் காட்டும் தீர்ப்பு ஹெல்மெட் செய்தவனை மட்டம் தட்டவில்லை. சொந்த நாட்டில் அவர் செய்து விற்க வழி விட்டது. 2008 தீர்ப்பில் நீதிபதி ஒரு அழகான உதாரணம் சொன்னார். கலைக்கூடத்தில் அடுக்கி வைத்த செங்கல் சிற்பமாகலாம், அதே செங்கல் வீடு கட்ட வாசலில் கொட்டிக் கிடந்தால் சிற்பம் இல்லை என்று. அதாவது எதற்காகச் செய்தார்கள் என்பது முக்கியம். நம் பையனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவே வாங்குகிறார்கள். அந்த அளவுகோலில் அது எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 2(c) பிரிவு ஓவியம், சிற்பம் ஆகியவற்றைச் சொல்லும்போது 'கலைத்தரம் இருக்கிறதோ இல்லையோ' என்றே சொல்கிறது. 15(2) பிரிவின்படி, பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கினால் அந்தக் காப்புரிமை போய்விடும். கலைப்படைப்பு எது, தொழில் டிசைன் எது என்று பிரிக்கும் முறையை 2025 ஏப்ரலில்கூட க்ரையோகேஸ் - ஐநாக்ஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்பது 'உரிமை யாருக்கு' என்ற கேள்வி. 'உழைத்தவனுக்குக் கூலி உண்டா' என்ற கேள்வியை எந்தக் கோர்ட்டும் உங்களுக்காகத் தள்ளுபடி செய்யவில்லை.

வாதம் 4: "அப்போ இது திருட்டுத்தானே?"

நாலில் இதுதான் நியாயமான கேள்வி. லூகாஸ்ஃபிலிம் 2012 முதல் டிஸ்னி கையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் விற்பது ஆபத்துதான், அதற்கு நான் வெள்ளையடிக்க மாட்டேன். பையன் கேட்டவருக்கு மட்டும் செய்கிறான், அதிகாரபூர்வப் பொருள் என்று எங்கும் சொல்வதில்லை. கம்பெனி 'நிறுத்து' என்றால் அவன் நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் உங்களுக்கு நிஜமாகவே அந்த உறுத்தல் இருந்தால், ஒன்று உரிமம் பெற்ற பொருளை அதன் விலைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் வாங்காமல் இருங்கள். அதே மூச்சில் 2,000 ரூபாய் சாமானைக் காட்டாதீர்கள். அந்த விலையில் வருவதில் பல, இன்னொரு கலைஞன் செய்த ஹெல்மெட்டை வாங்கி, அதன் மேலேயே அச்செடுத்து ஊற்றியவை. இந்தத் துறையில் அதற்கு 'ரீகாஸ்ட்' என்று பெயர், பெரிய கெட்ட வார்த்தை. ஒவ்வொரு முறை அச்சு மேல் அச்செடுக்கும்போதும் உருவம் கொஞ்சம் சுருங்கும், ஓரங்கள் மழுங்கும். பார்த்துச் செய்கிறவன் உழைக்கிறான், ரீகாஸ்ட் அடிக்கிறவன் அந்த உழைப்பை உருவுகிறான். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் திருட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது ஆபீஸ் கதை

எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு விண்வெளி 'தீம்'. மேடைக்கு நாலு ஹெல்மெட் கேட்டார்கள். பையனிடம் இருந்தவை மற்றவர்கள் ஆர்டருக்காகச் செய்து வைத்தவை. வாடகை கேட்டான். "உனக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்றார்கள். சாப்பாட்டுக்காரருக்குக் காசு, டிஜேவுக்குக் காசு, பலூன் கட்டியவருக்கும் காசு. இவனுக்கு எக்ஸ்போஷர். அவன் சம்மதித்தான், சின்னப் பையன்.

விழா முடிந்து நாலும் திரும்பி வந்தன. ஒன்றில் கண்ணாடி உடைந்திருந்தது. இன்னொன்றை யாரோ வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டார்கள். அந்த வகைப் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். கன்னம் உள்வாங்கி, அம்மை கண்ட முகம் மாதிரி இருந்தது. மேடைப் பேச்சில் அவன் பெயர்கூட வரவில்லை. ரிப்பேருக்கு 6,000 கேட்டான். "வெண்டர் கோடு இல்லாம பணம் ரிலீஸ் பண்ண முடியாது" என்று மெயில் வந்தது. மூன்று மாதமாகிறது. ஷெட் வாடகை பாக்கி ஏறிவிட்டது. பழையபடி கார் ஷோரூம் வேலைக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறான்.

அவன் போய்விட்டால் உலகம் ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் அந்த ரப்பர் பாலை எங்கே தொட்டு வைக்க வேண்டும் என்று தெரிந்த கை ஒன்று, ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கும். அதற்குக் காரணம் டிஸ்னியோ கோர்ட்டோ இல்லை. 6,000 ரூபாய்க்கு வெண்டர் கோடு தேடுகிற நாம்தான்.

ஆகவே மக்களே, கேட்பது மூன்றுதான். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் "இப்போ முடியாது" என்று சொல்லுங்கள், வேலையை மட்டம் தட்டாதீர்கள். ஆர்டர் கொடுத்தால் பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுங்கள். இரவல் வாங்கியதை உடைத்தால் மெயில் போடாமல் காசைப் போடுங்கள்.

இந்த வாரம் எங்கள் தளத்தில் ஒரு உண்டியல் சுற்றி வருகிறது. விழாவில் அந்த ஹெல்மெட்டை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் மட்டும் 42 பேர், ஆளுக்கு 150 ரூபாய் போட்டால் விஷயம் முடிந்தது. படத்தை வைத்திருக்கிறேன். யார் யார் என்று எனக்குத் தெரியும் :-)

டிஸ்கி: "ஹெல்மெட்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று கேட்க நினைப்பவர்கள், வாதம் 1-ல் இருக்கும் உப்புத்தாள் வேலையை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு வரவும்.