மசகும் மாசும்

பொறிகளுக்கு மசகு இடுவது உராய்வைக் குறைத்தற்பொருட்டே என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. இஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. தூசியும் நீரும் பேரிங்கினுள் புகாதவாறு தடுத்தலும் மசகின் கடமையாகும்.

கிரீஸ் என வழங்கும் கெட்டி மசகு, எண்ணெயைப் பெரும்பாலும் ஒருவகைச் சோப்பினால் இறுகச் செய்து ஆக்கப்படுவது. எண்ணெய் வழிந்தோடிவிடும், கிரீஸோ இட்ட இடத்தில் நிற்கும். அச்சுக்கும் உறைக்கும் இடையேயுள்ள சந்தில் அது வளையம்போல் தங்கி, வரும் துகளைத் தன்மீதே ஒட்டவைத்துக்கொள்கிறது. நீர்க்காப்பு மட்டும் சோப்பின் இனத்தைப் பொறுத்தது. கால்சியச் சோப்பாலான கிரீஸ் நீரை எதிர்த்து நிற்கும். சோடியச் சோப்பாலானது நீர் பட்டால் இளகிக் கழிந்துவிடும்.

இக்காவல் ஏன் இன்றியமையாதது? குண்டுக்கும் அது உருளும் தடத்துக்கும் இடையேயுள்ள எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியது. கண்ணுக்குப் புலனாகும் மணற்றுகள் அதனினும் பன்மடங்கு பெரிது. மணலிலுள்ள குவார்ட்சு பேரிங்கின் எஃகினும் கடினமானது. அத்தகைய துகள் சிக்கி நசுங்குங்கால் தடத்தில் குழி விழுகிறது. நாளடைவில் அக்குழியின் விளிம்பிலிருந்து எஃகு செதிள்செதிளாகப் பெயர்கிறது.

பயிர் நீருக்கு வாடும் வேளையில் பம்பு மோட்டார் நின்றுவிட்டால், பேரிங்கு மட்டமானது என்று பழி கூறுவது எளிது. ஆனால் அப்பழி மூடியில்லாத கிரீஸ் டப்பாவைச் சார்ந்ததாகவும் இருக்கலாம். புழுதியில் திறந்து கிடக்கும் டப்பாவில் மண் விழுகிறது. நிப்பிளைத் துடையாது கிரீஸ் செலுத்தினால், அதன் தலையிலிருந்த அழுக்கும் உடன் செல்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

மிகுதியாக இடுதலும் எங்கும் நன்மையன்று. விரைந்து சுழலும் மோட்டார் பேரிங்கின் வெற்றிடத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை நிரப்பினால் போதும். மிஞ்சினால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும். புழுதியில் மெல்லச் சுழலும் பேரிங்கிலோ நிறைய இடுதலே காப்பு. இருபுறமும் மூடி, ஆயுளுக்கும் மசகிட்டு வருவனவற்றைத் திறத்தலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே தூய கிரீஸைத் தடவித் தேய்த்தால் அவை வழுக்கிச் செல்லும். அதனுடன் ஒரு சிட்டிகை நுண்மணலைக் கலந்து தேய்த்தால் நறநறவென்னும் ஒலி எழும். துடைத்துப் பார்த்தால் கீறல்கள் தெரியும். மசகு இருந்தும் கண்ணாடி தப்பவில்லை என்பதை மாணவர் கண்கூடாக அறிவர்.

நூல் பிரியாத தூய துணியும், டப்பாவுக்கு இறுகிய மூடியும் விலைமிக்க கருவிகள் அல்ல. களப்பணியாளரின் பையில் கிரீஸோடு இவையும் இருத்தல் வேண்டும். உராய்வு பற்றிய பாடத்தில் தூய்மை பற்றிய பாடமும் சேர்தல் வேண்டும். மசகிடத் தெரிந்தவர் என்னும் பெயர், முதலில் துடைக்கத் தெரிந்தவருக்கே பொருந்தும்.