பகடையில் பணயமான காலம்

ஒற்றப்பாலம் வட்டாரத்தில் படமாக்கப்பெற்று, 2024 பிப்ரவரி 15-ல் வெளிவந்த 'பிரமயுகம்' என்னும் மலையாளப் பேய்க்கதைப் படத்தைக் கண்டோம். அன்பர் சிலர், நடை மந்தம் என்றனர். வேறு சிலரோ, கறுப்பு வெள்ளைப் படமாதலின் அச்சம் மிகுந்தது என்றனர். நம் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. பசித்து வந்த பாணன் தேவனுக்குச் சோறிட்ட மனைக்குரிய போற்றி, பின்னர்ப் பகடையாட அழைக்கிறார். பொருளற்ற தேவன் தன் காலத்தையே பணயம் வைத்துத் தோற்கிறான். அம்மனையை விட்டு வெளியேற வழியில்லை. கங்காணியிடம் முன்பணம் பெற்று மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் இவ்வாறு காலத்தைப் பணயம் வைத்தவரல்லரோ? தீராக் கடன் பேயினும் கொடிது. வளர்ந்த பிள்ளைகளுடன் படத்தைக் காண்போர், அக்கதையையும் அவர்களுக்கு எடுத்துரைப்பீர்களாக.