பெயரை மாற்றினால் உரிமை போய்விடுமா?

அந்நிய நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகம் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுண்டு. கைநிறையச் சம்பளம், இருக்க வீடு, வந்து போகப் பிரயாணச் செலவு, படித்தோர் நடுவே மதிப்பு. இக்காட்சி முழுவதும் பொய்யன்று. ஆயினும், அவ்வுத்தியோகத்துக்குரிய ஒப்பந்தப் பத்திரத்தைச் சட்டம் பயின்றவன் ஒருவன் வரிவரியாக வாசிப்பானாயின், அதன் மூலையில் ஒரு வசனம் கிடக்கக் காண்பது வழக்கம்: இவ்வொப்பந்தம் ஓராண்டுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். வீடும் சம்பளமும் மதிப்பும் அவ்வொரு வசனத்தின் தயவிலேயே நிற்கின்றன.

அவ்வசனத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறியோரின் வரலாறுகளுள் மிக நீண்டவற்றுள் ஒன்று இத்தாலி நாட்டில் நிகழ்ந்தது. வழக்கில் வென்ற பின்னரும் ஒருவர் தோற்றுக்கொண்டே இருக்க முடியும் என்பதை அறிய விரும்புவோர் அதனைக் கற்றல் தகும்.

1980ஆம் ஆண்டில் இத்தாலிய அரசாங்கம் சர்வகலாசாலைகளைச் சீரமைக்க ஒரு சட்டம் வகுத்தது. அதன் 28ஆம் பிரிவு, அந்நிய மொழிகளைத் தாய்மொழியாகவுடையோரை அம்மொழிகளைக் கற்பிக்க நியமிக்கலாம் என்றது. லெத்தோரி என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் ஸ்பானியரும் ஜேர்மானியரும் இவ்வாறு அமர்ந்தனர். பேராசிரியர் இலக்கியத்தைப் பற்றி விரிவுரையாற்றுவார். மாணவனைப் பேசவும் எழுதவும் பழக்கி ஆளாக்குவது லெத்தோரியின் வேலை. ஆனால் நியமனமோ ஓராண்டுக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், ஐந்தாண்டுக்கு மேல் புதுப்பிக்கலாகாது. இத்தாலிய ஆசிரியர்களுக்கு இத்தகைய எல்லை பொதுவாக விதிக்கப்படவில்லை.

ஓராண்டுத் தவணை என்பது யாதென நம் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வருடக் குத்தகைக்கு வயல் எடுத்தவன் வரம்பை உயர்த்துவானா? கிணற்றை ஆழப்படுத்துவானா? எல்லையிலே தென்னம்பிள்ளை வைப்பானா? அடுத்த காலபோகத்துக்கு அவ்வயல் தன்னுடையதோ வேறொருவனுடையதோ என்று அறியாதவன், காணிக்காரன் முகத்தைப் பார்த்தே காலங்கழிப்பான். கல்லூரி மண்டபத்திலும் அதுவே நடக்கிறது. புதுப்பித்தல் யார் கையில் உள்ளதோ அவருக்கு எதிராக வாய்திறக்க எவரும் துணியார். மேலதிக வகுப்பு தருகிறார்களா, எடுக்க வேண்டும். விடைத்தாட் கட்டு வருகிறதா, திருத்த வேண்டும். சம்பளம் குறைவு என்பதைவிட, குறைவு என்று சொல்ல முடியாமை பெரிய குறை என்பது என் கட்சி.

வெனிஸ் சர்வகலாசாலையில் ஐந்தாண்டு நிறைந்ததும் வெளியேறும்படி பணிக்கப்பட்ட பிலார் அல்லுவே, மேரி கார்மல் கூனன் என்னும் இரு பெண்மணிகள் வாய்திறந்தனர். வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கத்துவ நாடொன்றின் தொழிலாளி மற்றோர் அங்கத்துவ நாட்டில் வேலை செய்யும்போது நாட்டுரிமை காரணமாகப் பாகுபாடு செய்யப்படலாகாது என்பது 1957ஆம் ஆண்டின் உரோமாபுரி உடன்படிக்கையின் 48ஆம் உறுப்புரை.

அங்கே இத்தாலிய அரசாங்கம் எடுத்துவைத்த வாதத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்நிய மொழியின் கற்பித்தல் எப்பொழுதும் புதுமையோடு விளங்க வேண்டுமாம். நெடுங்காலம் இத்தாலியில் தங்கிவிட்ட ஆசிரியருக்குத் தம் தாய்மொழியோடு உள்ள தொடர்பு அற்றுப்போய்விடுமாம். ஆதலின் ஐந்தாண்டில் அனுப்பிவிடுதல் அவசியமாம். தாயின் மடியிற் கற்ற மொழி ஐந்தாண்டில் வற்றிவிடும் என்று ஓர் அரசாங்கத்தின் சட்டத்தரணி நீதிபதிகள் முன்னிலையில் வாதிட்டார்! கடல் கடந்து ஐம்பதாண்டு வாழ்ந்தும் வீட்டிலே தமிழ் பேசும் கிழவர்களை நாம் அறிவோம். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பண்பாட்டுப் போக்குவரத்தும் செய்தித் தொடர்பும் பெருகிவிட்ட காலத்தில் அவ்வபாயம் அற்பமானது என்றும், ஆசிரியரின் மொழியறிவைச் சோதித்தறியச் சர்வகலாசாலைக்கு வேறு வழி உண்டு என்றும் 1989 மே 30ஆம் தேதி தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அந்நியருக்கு மட்டுமே ஐந்தாண்டு என்று சட்டம் எழுதவில்லை. லெத்தோரி எவராயினும் ஐந்தாண்டு என்றே எழுதியது. ஏட்டில் பாகுபாடு கிடையாது. ஆனால் இத்தாலி தானே சமர்ப்பித்த கணக்கின்படி லெத்தோரிகளுள் நூற்றுக்கு 25 பேரே இத்தாலியப் பிரசைகள். எஞ்சியோர் பிறநாட்டார். எனவே எவர் பெயரையும் குறியாத விதி எவர் தலையில் விழுகிறது என்பதை நீதிமன்றம் நோக்கியது. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்து அதன் வேலையைப் பார்க்க மறுக்கும் நியாயவாதிகள் உலகெங்கும் உளர். அவர்களுக்கு இத்தீர்ப்பு நல்ல பாடம்.

ஐந்தாண்டு எல்லை வீழ்ந்தது. ஓராண்டு ஒப்பந்தமோ நின்றது. அதற்கும் வழக்காடி, 1993 ஓகஸ்டில் மறுபடியும் வென்றனர். வேறு ஆசிரியர்களுக்கு இல்லாத ஓராண்டு எல்லையை இவர்களுக்கு மாத்திரம் எவ்விடத்தும் விதித்தல் தகாது என்றது நீதிமன்றம்.

இனித்தான் வித்தை தொடங்குகிறது. 1995இல் இத்தாலி லெத்தோரி என்ற பதவியையே ஒழித்தது. அதற்கீடாக மொழித்துறை ஒத்துழைப்பாளர், மொழி நிபுணர் என்றொரு புதுப் பெயரைப் படைத்தது. ஒப்பந்தம் காலவரையறை அற்றதாயிற்று, அது மெய். ஆனால் வகுப்பிலே நின்று கற்பிப்பவர் கற்பிக்கும் ஆசிரியர் வரிசையில் வைக்கப்படவில்லை. தொழில்நுட்ப, நிர்வாக ஊழியரோடு ஒரே உடன்படிக்கையின் கீழ், ஆண்டுக்கு 500 மணி என்ற கணக்கில் வைக்கப்பட்டார். அதனினும் கொடிது, பழைய சேவைக்காலம் என்னாயிற்று என்பதே. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கற்பித்தவர்கள் நேற்று வந்தவர்போல் எண்ணப்பட்டனர். சேவைமூப்பும் சம்பள உயர்ச்சியும் இளைப்பாற்றுச் சம்பளத்துக்குரிய கட்டுப்பணமும் முதல் நியமனத் தேதியிலிருந்து கணிக்கப்படவில்லை. 1962ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம் ஒன்று, தவணை ஒப்பந்தம் நிலையான ஒப்பந்தமாக மாறும்போது முதல்நாள் தொட்டே உரிமைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. இத்தாலியத் தொழிலாளிக்கு அச்சட்டம் உண்டு, லெத்தோரிக்கு இல்லையாம்.

2001 யூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இதனையும் கண்டித்தது. கண்டிக்கப்பட்ட ஆறு சர்வகலாசாலைகளுள் மிலான், பீசா, உரோமாபுரி ஆகியவற்றோடு பலெர்மோவும் ஒன்று. நம் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அதே பலெர்மோ. இத்தாலி அசையவில்லை. நாளொன்றுக்கு 309,750 யூரோ தண்டம் விதிக்கும்படி ஐரோப்பிய ஆணைக்குழு கேட்டது. தண்டத்தின் நிழல் வீழ்ந்த பின்னரே 2004இல் சட்டம் பிறந்தது: பகுதிநேர ஆராய்ச்சியாளரின் சம்பளத்துக்கு ஒப்ப, முதல் நியமனம் தொட்டுக் கணக்குப் பார்க்கப்படும் என்று. அச்சட்டத்தை நம்பியே 2006இல் நீதிமன்றம், குறித்த தவணைக்குள் இத்தாலி கடமையைச் செய்யவில்லை என்று கூறியபோதும், தண்டம் விதியாது விட்டது.

தண்டம் நீங்கியது, நினைவும் நீங்கியது. 2010 டிசெம்பரில் நிறைவேறிய சர்வகலாசாலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவிலே, 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு "விளக்கம்" என்ற பெயரில், ஒப்பீடு புது ஒப்பந்தத் தேதியோடு நின்றுவிடும் என்று எழுதப்பட்டது. அவ்வளவில் நில்லாது, அவ்விடயம் பற்றி நிலுவையில் உள்ள வழக்குகள் யாவும் அற்றுப்போயின என்றும் எழுதப்பட்டது. அரச சர்வகலாசாலை எதிராளியாக நிற்கும் வழக்கை அரசின் சட்டமே முடித்துவிட்டது! இருபதாண்டு நீதிமன்றங்களிற் பழகியவன் என்ற முறையிற் சொல்கிறேன்: தோற்ற கட்சிக்காரன் மேன்முறையீடு செய்வதைப் பார்த்திருக்கிறேன்; வழக்கேட்டையே கிழித்துவிட்டுச் சட்டம் என்று பெயரிட்டதைக் கேட்பது வேறு.

எதிர்வாதத்தையும் மறைக்கலாகாது. இத்தாலியின் அரசியலமைப்பு 97ஆம் உறுப்புரையின்படி அரச உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை மூலமே ஆள் எடுக்க வேண்டும். பேராசிரியரும் ஆராய்ச்சியாளரும் அப்படி வந்தவர்கள். லெத்தோரி அப்படி வந்தவரல்லர். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட நான் ஆயத்தமில்லை. ஆனால் அவர்கள் கேட்டது பேராசிரியர் ஆசனமன்று. தாம் செய்த வேலையின் ஆண்டுகளை எண்ணுங்கள் என்பதே. எண்ணுவதற்குப் பரீட்சை எதற்கு? அதே 2010ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான ஆராய்ச்சியாளர் பதவியை நிறுத்தி, இத்தாலிய இளைஞரையும் தவணை ஒப்பந்தத்தில் தள்ளியது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். அந்நியன்மேல் பழகிய கை பின்னர் சொந்தப் பிள்ளைமேலும் நீண்டது.

இது இத்தாலியரின் தனிக் குணமன்று. தோக்கியோ ஏகாதிபத்தியச் சர்வகலாசாலையில் 1896 முதல் ஆங்கில இலக்கியம் கற்பித்த லாவ்காதியோ ஹேர்ன், அவ்வாண்டே யப்பானியப் பிரசையாகிக் கொய்சுமி யகுமோ எனப் பெயர் பூண்டவர். மாணவர் அவரைப் போற்றினர். 1903இல் அவரும் விலக நேர்ந்தது. பிரசையானதும் ஒப்பந்தம் காக்கவில்லை. நம் காலத்தில், 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், ஐந்தாண்டுக்கு மேல் தொடரும் தவணை ஒப்பந்தத்தை நிலையானதாக்கும்படி கேட்க யப்பானில் தொழிலாளிக்கு உரிமை பிறந்தது. நல்ல சட்டம். ஆனால் ஐந்தாண்டு நிறையுமுன்பே ஆளை நிறுத்தும் வழக்கமும் அதனோடு பிறந்தது. சர்வகலாசாலை ஆசிரியருக்கோ அவ்வெல்லை பத்தாண்டாக நீட்டப்பட்டது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்தபோது, உழுதவனுக்கு உரிமை ஏறுமுன்பே அவனை வயலிலிருந்து இறக்கிவிட்ட காணிக்காரரை இந்நாட்டுக் கமக்காரர் மறந்திரார்.

2023 யூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு மூன்றாம் முறையாக இத்தாலியை லக்சம்பேர்க் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. முதற் தீர்ப்புக்கும் அதற்கும் இடையே 34 ஆண்டுகள். முப்பது வயதில் அத்தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தவர் அறுபத்துநான்கு வயதில் இளைப்பாற்றுச் சம்பளத்தைக் குறைத்து வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

நம் பட்டதாரிகளுக்கு ஒன்று கூற வேண்டும். மேற்சொன்ன வெற்றிகள் யாவும் அங்கத்துவ நாட்டுப் பிரசைகளுக்குரிய உடன்படிக்கையின் பலத்தால் வந்தவை. பிரித்தானியா 2020இல் அவ்வொன்றியத்தை விட்டு நீங்கியதால், இனிப் புதிதாகச் செல்லும் ஆங்கிலேயருக்கே அக்காப்பு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு செல்பவருக்கு என்றும் இருந்ததில்லை. என்னிடம் வாசித்துச் சொல்லும்படி கொண்டுவரப்படும் வெளிநாட்டு ஒப்பந்தங்களில், சம்பளத் தொகையைச் சுற்றி மையினாற் கோடிட்டிருப்பார்கள். வேலை நீங்கும் பிரிவில் ஒரு விரலடையாளமும் இராது. எந்த வகுப்பு ஊழியராக நியமனம், இளைப்பாற்றுக் கட்டுப்பணம் யார் செலுத்துவது, புதுப்பிக்க மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டுமா, பிணக்கு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குரியது என்பவற்றைக் கையொப்பமிடுமுன் கேளுங்கள். முதல் நியமனக் கடிதத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இத்தாலியில் இத்தனை ஆண்டு நடந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு தேதியைப் பற்றியதே.